காய்க்கக் கூடாத செடிக்கு ஒரு கையெழுத்து

தூத்துக்குடியில் இறங்கிய அன்றே மூன்று பேர் என்னைப் பார்த்து, "சாருக்குக் கேரளாவா?" என்று கேட்டுவிட்டார்கள். முதலில் விடுதிக்காரர், பிறகு தேநீர்க் கடைக்காரர், கடைசியாக ஆட்டோ ஓட்டிய இசக்கி. நான் யாழ்ப்பாணத்தான். ஐம்பத்து நாலு வயது வரைக்கும் தமிழைத் தவிர வேறு மொழியில் ஒருவரோடும் சண்டை பிடித்ததில்லை. முதல் இரண்டு பேருக்கும் பொறுமையாக விளக்கம் சொன்னேன். மூன்றாவது ஆளிடம், "ஓம், கேரளாதான்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

"நான் நினைச்சேன்" என்றார் இசக்கி.

விடுதிக்காரருக்கு என்மேல் சந்தேகம் வரக் காரணம் என் பெட்டி. அதில் பாதிக்கு மேல் பெருவிரல் அளவில் தைத்த வெள்ளைத் துணிப் பைகள். என்ன இது என்று கேட்டார். பூவுக்கு மாட்டுகிற பை என்றேன். பூவுக்கு எதற்குப் பை என்றார். தேனீ வராமல் இருக்க என்றேன். அவர் என் கடவுச்சீட்டை வாங்கி இன்னொரு தடவை நகல் எடுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்துத் தீவு ஒன்றில் புதிதாக ஒரு ஹோட்டல் கட்டுகிறார்கள். அதன் நடைபாதை ஓரம் முழுக்கப் பூச்செடி வைக்கத் தூத்துக்குடியில் ஒரு நர்சரியில் நானூறு தொட்டிகள் சொல்லி வைத்திருந்தார்கள். வெளியூர்ச் செடி தீவுக்குள் வருவதென்றால் ஒரு தாவரவியல்காரன் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. மே மாதக் காற்று தொடங்கிவிட்டால் தோணிகள் ஓடாது. அதற்கு முன் கடைசி நடை அடுத்த செவ்வாய்க்கிழமை. தொட்டிகளை ஏற்ற லாரி திங்கள் மதியம் வரும். நான் வந்தது அதற்கு முந்திய திங்கள். ஒரு வாரம் தாராளம் என்று நினைத்தேன்.

"நர்சரிக்குப் போகவேணும்" என்று இசக்கியிடம் சொன்னேன். கால்மணி நேரத்தில் ஒரு நீலக் கதவின் முன்னால் நிறுத்தினார். உள்ளே குழந்தைகள் ஆங்கிலப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன. வாசலுக்கு வந்த ஆசிரியை, அட்மிஷன் முடிந்துவிட்டது என்றார். செடி விற்கிற நர்சரி என்று நான் விளக்க, இசக்கி என்னைக் குறையாகப் பார்த்தார். "அத மொதல்லயே செடின்னு சொல்லணும்லா" என்றார். ஊரின் மறு எல்லைக்குப் போய், உப்பளங்களைத் தாண்டி, புன்னைக்காயல் போகிற பாதையில் அந்தத் தோட்டத்தைக் கண்டுபிடித்தபோது மதியம் ஆகியிருந்தது. நானூறு தொட்டிகளிலும் ஒரு பூகூட விரிந்திருக்கவில்லை.

"பதினோரு மணிக்கெல்லாம் மூடிரும் சார். நாளைக்குக் காலைல வாங்க" என்றார் நர்சரிக்காரி ஜெசிந்தா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. தோட்டம் முழுக்க அவர் ஒருவரின் பொறுப்பு. உதவிக்கு அருணாசலம் என்று ஒருவர். என் வயதுதான் இருக்கும். காலை முதல் மாலை வரை கையில் தண்ணீர்க் குழாயோடு நடப்பவர். அவர் ஜெசிந்தாவைத் தங்கச்சி என்பார். அவரை ஜெசிந்தா அண்ணாச்சி என்பார்.

ஜெசிந்தா, "குசினில டீ கெடக்கு, எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போய்த் தேநீர் எடுத்து வந்தார். குசினி என்ற சொல்லை அவர் வாயால் கேட்டதும் எனக்கு ஊருக்குப் போன மாதிரி இருந்தது. "நாங்களும் குசினி எண்டுதான் சொல்லுறது" என்றேன் சந்தோஷமாக. "அப்படியா? கேரளாவுல அடுக்களைன்னுல்ல சொல்லுவாங்க" என்றார். இசக்கி சொல்லியிருக்கிறார்.

அந்தச் செடியின் பெயர் டர்னெரா. முழங்கால் உயரம் வரும். வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் கறுப்புப் பொட்டு. ஜெசிந்தா அதை எட்டுமணிப் பூ என்றார். தென்னமெரிக்காவில் பிறந்து, அழகுக்காக ஊர் ஊராகப் போய், வேலி தாண்டிக் குடியேறிய செடி. அதன் பூவில் இரண்டு வகை உண்டு. ஒரு வகைச் செடியில், பூவின் நடுவே நிற்கும் பெண் இழைகள் உயரமாகவும் மகரந்தம் தாழ்வாகவும் இருக்கும். இன்னொரு வகையில் தலைகீழ். உயர இழைப் பூவுக்குத் தாழ்ந்த இழைப் பூவின் மகரந்தம் வேண்டும். தன் மகரந்தமோ தன் வகையின் மகரந்தமோ பட்டால் காய்க்காது. ஆகவே ஒரே வகையை மட்டும் ஒரு தீவில் வைத்தால் அது பூக்கும், விதை போடாது, வைத்த இடத்தை விட்டுப் போகாது. ஹோட்டல்காரர் எனக்குச் சொன்னது, எல்லாத் தொட்டியும் ஒரே தாய்ச்செடியின் தண்டிலிருந்து வந்தவை என்று. அது உண்மையென்றால் அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இந்த ஊரின் மக்ரூன் இனிப்பு வாங்கப் போகலாம்.

ஆனால் நான் ஒரு தடவை அப்படிப் போட்டவன். பல வருடங்களுக்கு முன்பு பால் வடியும் ஓர் அழகுக் கொடியைப் பரிசோதித்தேன். வலை போட்ட கொட்டகைக்குள் வைத்துப் பார்த்தேன், ஒரு காய்கூட வரவில்லை. தனியாகக் காய்க்காது, ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்தேன். கொட்டகைக்குள் பூச்சி இல்லை என்பதை யோசிக்கவில்லை. அந்தக் கொடி தன் மகரந்தத்தை நன்றாகவே ஏற்கும். கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் வேண்டும். வெளியே பூச்சிகள் அந்த வேலையைச் செய்தன. இன்றைக்குத் தீவில் என் அக்காவின் மாடுகள் மேய்ந்த தரவை நிலத்தில் பாதி அந்தக் கொடிதான். தின்ற கன்றுக்குட்டி ஒன்று செத்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

செவ்வாய் காலை எட்டு மணிக்குப் பூதக்கண்ணாடியோடு போனேன். முன்வரிசையில் முப்பது தொட்டிகளைப் பார்த்தேன். எல்லாம் உயர இழை. மாலையில், நானூறிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது தொட்டிகளைத் தேர்ந்து, மறுநாள் விரியப்போகும் மொட்டுகளுக்குப் பை கட்டினேன். ஒவ்வொரு செடியிலும் இரண்டு பூ. ஒன்றைத் தொடாமல் விடுவது, மற்றதற்கு அதே செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் நானே தடவுவது. கருவுறாத பூ நாலு நாளில் உதிர்ந்துவிடும்.

புதன் காலை போனபோது செடிகளில் ஒரு பைகூட இல்லை. நாற்பது பைகளும் துவைத்த ஈரத்தோடு கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

"என்னத்துக்குக் கழட்டினீங்கள்?" என்றேன் அருணாசலத்திடம்.

"நேத்து சாயங்காலம் செடி வாங்க வந்த அம்மா பயந்துட்டாங்க சார். செய்வினை வச்ச மாரி இருக்குன்னு திரும்பிப் போயிட்டாங்க. சரி, அழுக்காவும் இருந்துச்சு, அலசிப் போட்டேன்."

நாற்பது பூக்களிலும் தேனீக்கள் உட்கார்ந்திருந்தன. நான் ஜெசிந்தாவிடம் போய், பையைத் தொட்டால் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாலை திரும்பவும் நாற்பது பை. வியாழன் காலை திரும்பவும் தூரிகை. அருணாசலம் பக்கத்தில் நின்று, "பூவுக்குப் பவுடர் போடுதீங்க" என்றார்.

மதியம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சொதி கேட்டேன். எங்கள் வீடுகளில் தேங்காய்ப்பால் சொதி இல்லாத நாள் குறைவு. இடியப்பம், புட்டு, சோறு எதுவானாலும் கடைசியில் சொதி. பரிமாறியவர் கையை நிறுத்தினார். "சொதி கல்யாணத்துக்கு மறுநாள்லா வைப்பாங்க. யாருக்குச் சார் கல்யாணம்?" மீன்குழம்போடு சாப்பிட்டேன். சீலா மீன் எங்கள் ஊரைவிட நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவும் எரிச்சலாக இருந்தது.

பூ உதிரத் திங்கள் ஆகும், அதுவரை செய்ய ஒன்றுமில்லை. சனிக்கிழமை இசக்கி, புன்னைக்காயலைப் பார்த்துவிட்டு வரலாம், கோயில் பெரிசு என்றார். காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆறு கடலில் விழுகிற இடம். படகுகள் கரையேறியிருந்தன. வலைக் கொட்டகை ஒன்றின் ஓரம் எட்டுமணிப் பூச் செடி தனியாக நின்றது. பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். அதில் பூவைவிடக் காய் அதிகம். கொட்டகையின் சிமெண்டு வெடிப்புகளில் குட்டிச் செடிகள். படகு ஏற்றுகிற மணல் வரைக்கும் குட்டிச் செடிகள்.

ஒரு பூவைப் பறித்துக் கண்ணாடியில் பார்த்தேன். இழை உயரமும் இல்லை, தாழ்வும் இல்லை. மகரந்தத்தோடு ஒட்டி, ஒரே மட்டத்தில் நின்றது. காற்று ஆட்டினாலே தன் பொடி தன்மேல் படும். இப்படி ஒரு மாறுபாடு இந்தக் குடும்பத்தில் வரும் என்று படித்திருக்கிறேன். அதற்குத் துணை தேவையில்லை, தேனீகூடத் தேவையில்லை. ஒரு செடி போதும், ஊரை நிரப்பும்.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"ஜெசிந்தா அக்கா குடுத்தது. ரெண்டு வருசம் இருக்கும். ஒண்ணுதான் வச்சேன், பாருங்க, எப்படிப் பெருகியிருக்குன்னு" என்றாள் பெருமையாக.

இசக்கியை விரட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தேன். வழியில் உப்பு லாரி ஒன்று பள்ளத்தில் இறங்கிப் பாதையை அடைத்திருந்தது. போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. பூக்கள் மூடிவிட்டன. ஜெசிந்தா இல்லை. அண்ணன் பேரனுக்கு ஞானஸ்நானம், பெரியதாழைக்குப் போயிருக்கிறார், ஞாயிறு ராத்திரிதான் வருவார் என்றார் அருணாசலம். தொலைபேசி அணைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் பூட்டு. நான் கம்பி வேலிக்கு வெளியே நின்று, விரிந்திருந்த நானூறு தொட்டிப் பூக்களையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்தத் தூரத்தில் இழை தெரியாது.

திங்கள் காலை ஏழு மணிக்கே போய் நின்றேன். முதலில் பைகளைத் திறந்தோம். பதினேழு செடிகளில் இரண்டு பூவும் உதிர்ந்து கிடந்தன. மூன்று செடிகளில் இரண்டு பூவும் பச்சையாகப் பிடித்து, மிளகு அளவுக்குத் திரண்டிருந்தன. நான் தொடாததும் சேர்த்துத்தான். மூன்றும் நிழல்வலைக்குக் கீழே இருந்த பின்வரிசைத் தொட்டிகள்.

"எத்தனை தாய்ச்செடி?" என்று கேட்டேன்.

ஜெசிந்தா கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு சார். மொதல்ல ஒண்ணுதான். தண்டு நட்டா பாதி பட்டுப்போகும். அப்புறம் ஒரு செடி தானா காய்க்குறதப் பாத்தேன். வெதை போட்டா எல்லாம் மொளச்சிருது. அதுல இருந்து நாத்து எடுத்தேன். ஓட்டல் ஆர்டருக்குத் தண்டு பத்தல, மிச்சத்துக்கு இத வச்சேன். பூவு ஒண்ணு போலத்தான இருக்கு?"

"ஒண்டு போல இல்லை. நீங்கள் ஹோட்டல்காரரிட்டை ஒரே தாய்ச்செடி எண்டு சொன்னனீங்கள்."

"ஒரே செடின்னுதான் சார் சொன்னேன். ரோசாவையும் செம்பருத்தியையுமா கலந்து குடுத்தேன்?"

வேலிக்கு வெளியே நின்ற ஒரு நாள் கோபமும் சேர்ந்து, ஒரு தொட்டியும் போகாது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. ஆறு மாதமாக வேறு செடி வைக்காமல் இதற்காகவே இடத்தை ஒதுக்கியதாகச் சொன்னார். குரல் உயரவில்லை. "தப்புன்னா தப்பு. எது நல்லது, எது கெட்டதுன்னு காட்டுங்க. நானே பிரிச்சுக் குடுக்கேன். பூ மூடுறதுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்குல்லா?"

கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினேன். ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். அடுத்த பத்து நிமிடத்தில் கண்ணாடி வேண்டாம் என்றார். உயரமானதற்கு நீல வலைநூல், சமமானதற்கு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டோம். அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம். ஏப்ரல் வெயிலில் குனிந்த முதுகோடு ஒவ்வொரு பூவாக விலக்கிப் பார்த்தோம். இன்றைக்குப் பூக்காத தொட்டி போகாது என்றும் அவரே முடிவு செய்தார். பத்தே முக்காலுக்கு, பூக்கள் சுருங்கத் தொடங்கிய நேரத்தில், முன்னூறுக்குச் சற்றுக் குறைவான தொட்டிகளில் நீல நூல் ஆடியது. எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது. கையெழுத்துப் போடும் தாளை எடுத்தேன். வெளியே லாரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றது.

அருணாசலம் குழாயை மூடிவிட்டு வந்தார். "அப்ப இந்தத் தொட்டில மொளைக்குறது பரவாயில்லையா சார்?" என்று நீல நூல் கட்டிய ஒரு தொட்டியைக் காட்டினார்.

மண்ணில் ஒரு குட்டிச் செடி. பக்கத்துத் தொட்டியில் இரண்டு.

"எறும்பு இந்த வெதைய விடாது. முனையில வெள்ளையா ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும்லா, அதுக்காக இழுத்துட்டுப் போகும். எந்தத் தொட்டியில பொந்து வச்சிருக்கோ அங்கன போட்டிரும். நான் தெனமும் புடுங்கிக்கிட்டேதான் இருக்கேன்."

"இதை ஏன் ஒரு கிழமையாச் சொல்லேல்லை?"

"நீங்க பூவப் பத்தித்தான கேட்டீங்க. மண்ணப் பத்திக் கேக்கலையே."

நான் ஒரு கவிழ்த்த தொட்டியின்மேல் உட்கார்ந்தேன். அந்தச் சிறு வெள்ளை ஒட்டு எறும்புக்காகவே அந்த விதையில் இருக்கிறது. அதை மாணவர்களுக்கு வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவன் நான். பூவுக்குள் தலையை விட்டுக்கொண்டு தரையைப் பார்க்கவில்லை. இவர் மட்டும் வாயைத் திறந்திருக்காவிட்டால் தீவுக்கு நானே திரும்பவும் எழுதிக் கொடுத்திருப்பேன்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். ஜெசிந்தா அவரிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். "மண்ணுதான பிரச்சினை?" என்றார். "மண்ணே இல்லாம குடுத்தா?"

"எப்படி?"

"நீல நூல் போட்டதுல இருந்து தண்டு தண்டா வெட்டுதேன். இலைய உருவி, தண்ணியில அலசி, ஈரச் சாக்குல சுத்திக் குடுக்கேன். அங்கன போயி அவங்களே நட்டுக்கிடட்டும். பூக்க ரெண்டு மாசம் ஆகும். அதுக்கு அவங்க சம்மதிக்கணும்."

ஹோட்டல்காரரை அழைத்தேன். பூத்த செடிதானே கேட்டேன், குச்சியை வைத்து என்ன செய்வது என்று கத்தினார். ஒரு வாரமாக நான் யார்மீதும் கொட்டாமல் வைத்திருந்த அத்தனையும் அவர்மீது கொட்டியது. தரவையைப் பற்றிச் சொன்னேன். கன்றுக்குட்டியைப் பற்றியும் சொன்னேன். கடைசியில் அவர், "சரி, குச்சியை அனுப்புங்கோ" என்றார். ஜெசிந்தா கத்திரிக்கோலை ஏற்கெனவே எடுத்திருந்தார்.

மாலை ஐந்து மணி வரை வெட்டினோம். தேனீ கொண்டுவந்த சமப் பூவின் பொடியில் காய் பிடித்த துண்டு ஒன்றுகூட உள்ளே போகாதபடி அருணாசலம் ஒவ்வொரு தண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தே சாக்கில் வைத்தார். நாலு ஈரச் சாக்குகள். லாரிக்காரர் மதியமே போய்விட்டார். இசக்கியின் ஆட்டோவில்தான் பழைய துறைமுகத்துக்குக் கொண்டுபோனோம். நானூறு தொட்டி வரும் என்று இடம் ஒதுக்கியிருந்த தோணிக்காரர் நாலு சாக்கைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை சொல்லிக்கொள்ளப் போனபோது, சமமான இழைச் செடிகள் எல்லாம் தோட்டத்தின் மூலையில் வேரோடு குவிந்திருந்தன. அவற்றின் தாய்ச்செடியும் அதில் கிடந்தது. அருணாசலம் அதன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா காதில் தொலைபேசியோடு நடந்துகொண்டிருந்தார். செடி கொடுத்தவர்களை எல்லாம் அழைத்துப் பிடுங்கச் சொல்கிறார், முந்திய மாலையிலிருந்து இப்படித்தான் என்றார் அருணாசலம்.

எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பார் என்று கேட்டேன். "அவளுக்கே கணக்குத் தெரியாது. யாரு வந்தாலும் ஒண்ணு குடுத்து அனுப்புவா. கல்யாண வீட்டுக்குக் குடுத்திருக்கா, கோயிலுக்குக் குடுத்திருக்கா, கயத்தாறு வரைக்கும் போயிருக்கு."

ஒருத்தி, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாயா என்று தொலைபேசியை வைத்துவிட்டாளாம். இன்னொருத்தி சிரித்தாளாம். நாலு பேர்தான் பிடுங்கினார்கள். எனக்கு இது வீண்வேலை என்று தோன்றியது. புன்னைக்காயல் மணலில் நான் பார்த்ததை யாரும் தொலைபேசியில் பிடுங்க முடியாது. சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். ஜெசிந்தா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். மறுமுனையில் அந்த வலைக் கொட்டகைப் பெண்.

"ஏளா, மூடுறதுக்கு முன்ன போயிப் பாரு. நடுவுல நரம்பு மாரி மூணு இருக்கும்லா. அது மஞ்சப் பொடிக்கு மேல நிக்கா, பொடியோட சமமா நிக்கா? பாத்துட்டுச் சொல்லு. நான் வைக்க மாட்டேன், லைன்லதான் இருக்கேன்."

காத்திருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஏதோ பதில் வந்தது.

"சமமாவா?" என்றார் ஜெசிந்தா. பிறகு, "அப்ப நீ ஒண்ணும் செய்யாத. வெதை கொட்டிராம நிக்கட்டும். நான் சாக்கு எடுத்துக்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, இசக்கியைப் பார்த்து ஆட்டோவைத் திருப்பச் சொன்னார். என்னை ஏற்றிப் போக வந்த ஆட்டோ அது. நான் ஏறி ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து அவருக்கும் சாக்குகளுக்கும் இடம் விட்டேன்.